ரேகை விழாத ஊரில் குரல் விழுமா?

வடசென்னையின் ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி வடக்கே போகும் பகுதியில் "ரேகை விழல" என்ற பேச்சைக் கேட்காத நாள் குறைவு. ரேஷன் கடையில் கேட்கும். ஆதாரை வைத்துப் பணம் எடுத்துத் தரும் கடையில் கேட்கும். ஓய்வூதியருக்கு வாழ்நாள் சான்று எடுக்கும் இடத்தில் கேட்கும். வலை இழுத்த கை, ஐஸ் உடைத்த கை, மீன் அரிந்த கை, பட்டறையில் இரும்பு தேய்த்த கை. விரல் நுனியில் கோடுகள் மழுங்கிவிட்டன. ஈரத் துணியில் துடைத்து, லுங்கியில் துடைத்து, வேறு விரலை மாற்றி வைத்துப் பார்த்து, கடைசியில் "நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்புகிறார்கள்.

விரலுக்கு மாற்றாகச் சில வங்கிகள் காட்டும் வழி குரல். வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் போட்டுப் பேசினாலே போதும், பேசுவது இன்னார்தான் என்று கணினி கண்டுகொள்ளும். அட்டை எண், ரகசிய எண், பிறந்த தேதி எதையும் சொல்ல வேண்டாம் என்கிறார்கள். கேட்கும்போது இந்தப் பகுதிக்கென்றே செய்தது போலத் தோன்றுகிறது. உண்மையில் இங்கே அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எங்கே காலை வாரும், நட்டம் யார் தலையில் விழும் என்பதை, உலகம் இதுவரை கண்ட அனுபவத்தோடு சேர்த்து இங்கே பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரல் துணைச் சாட்சியாக இருக்கலாம். அதை மட்டும் நம்பிக் கணக்கைத் திறந்துவிடக் கூடாது.

இப்போது நடப்பது என்ன

வங்கியின் கட்டணமில்லா எண்ணுக்கு இன்று ஒருவர் அழைத்தால் முதலில் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பிறகு கணக்கு எண்ணோ அட்டை எண்ணோ அழுத்த வேண்டும், அதற்குப் பிறகு ரகசிய எண். பட்டன் போனில் பதினாறு இலக்கத்தை அழுத்துவதற்குள் நேரம் முடிந்து "தவறான உள்ளீடு" என்று குரல் வரும். ஒருவழியாக ஆள் கிடைத்தால் கேள்விகள் தொடங்கும்: பிறந்த தேதி என்ன, தாயார் பெயர் என்ன, கடைசியாக எவ்வளவு எடுத்தீர்கள், பதிவு செய்த கைபேசி எண் எது.

இந்தக் கேள்விகளில் ஒவ்வொன்றும் இந்த மக்களிடம் தடுக்கி விழுகிறது. அறுபது வயதைத் தாண்டிய பலருக்கு ஆவணத்தில் இருக்கும் பிறந்த தேதி பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. பள்ளிக்கே போகாதவர்களுக்குப் பிறந்த ஆண்டை மட்டும் உத்தேசமாகச் சொல்லி, தேதி ஜனவரி 1 என்று பதிவாகியிருக்கும். பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் ஒரு மாதிரி. ஒன்றில் தலைப்பெழுத்து முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். பதிவு செய்த எண் மகனுடையது, அவன் இப்போது வேறு சிம் வைத்திருக்கிறான். கணக்குக்குச் சொந்தக்காரர் உண்மையைச் சொன்னால் தோற்பார். ஆவணத்தில் உள்ளதை மனப்பாடம் செய்தவர் ஜெயிப்பார். மோசடிக்காரன் செய்வது இந்த மனப்பாடத்தைத்தான். பிறந்த தேதியும் தாயார் பெயரும் விண்ணப்பப் படிவம், ஜெராக்ஸ் கடை, வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதார் படம் என்று பல கைகளில் ஏற்கெனவே இருக்கின்றன.

ஆகவே குரலைத் தேடிப் போனதில் நியாயம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் குரலைக் கேட்டே ஆளைத் தெரிந்துகொள்கிறோம். குரலுக்குத் தனிக் கருவி வேண்டாம், எழுத்தறிவு வேண்டாம், கண் பார்வைகூட வேண்டாம். பார்வையற்றவருக்கும், எழுதப் படிக்கத் தெரியாத மீன் வியாபாரிக்கும், கப்பலில் வேலைக்குப் போய் ஓடிபி வந்து சேராத நாட்டில் கரையிறங்கும் மாலுமிக்கும் இது கதவைத் திறக்கக்கூடும்.

வந்த வழி

குரலை வைத்து ஆளை அடையாளம் காணலாம் என்ற நம்பிக்கை பழையது. 1962-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் கெர்ஸ்டா, ஒலி வரைபடத்தைக் கைரேகைக்கு நிகராக வைத்து ஆய்வுரை எழுதினார். நீதிமன்றங்களும் அதை எடுத்துக்கொள்ளத் தொடங்கின. 1979-ல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகத்தின் குழு ஆராய்ந்து, இதை எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்றது. கைரேகை ஒரு உடல் உறுப்பின் தடம். குரல் ஒரு செயலின் தடம். ஒரே ஆள் ஒரே சொல்லை இரண்டு முறை ஒரே மாதிரி சொல்வதில்லை. இந்த வேறுபாட்டை மறந்தவர்கள்தான் பின்னால் அடிபட்டார்கள்.

குரல் சரிபார்ப்பு வங்கிகளுக்கு வந்து சேர்ந்தது பிறகுதான். பிரிட்டனில் பார்க்லேஸ் 2013-ல் தன் செல்வந்த வாடிக்கையாளர்களுக்கு இதைக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2015 மே மாதம் ஐசிஐசிஐ வங்கி முதலில் அறிமுகப்படுத்தியது. பதிவு செய்த கைபேசியிலிருந்து அழைத்துப் பேசினால் குரலே கடவுச்சொல் என்று விளம்பரம் வந்தது. 2016-ல் சிட்டி வங்கி ஆசிய நாடுகளிலும், எச்எஸ்பிசி பிரிட்டனிலும் தொடங்கின. அறிவிப்புகள் எல்லாவற்றிலும் பொதுவாக ஓடியது ஒரு கணக்கு: வாடிக்கையாளரை அடையாளம் காண அழைப்பு மையம் செலவிடும் நொடிகள் குறைகின்றன. வங்கிக்கு அது பணம். ஆனால் அந்த நொடிகளை மட்டும் எண்ணினால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள்.

எப்படி வேலை செய்கிறது

இரண்டு வகை உண்டு. ஒன்றில் குறிப்பிட்ட ஒரு வாக்கியத்தை, "என் குரலே என் கடவுச்சொல்" என்பது போல, பதிவின்போது சில முறையும் பிறகு ஒவ்வோர் அழைப்பிலும் சொல்ல வேண்டும். மற்றதில் ஊழியரோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டிலும் உள்ளே நடப்பது ஒன்றே. தொண்டை, வாய், மூக்கு அறைகளின் வடிவத்தால் குரலில் ஏறும் தன்மைகளை எண்களின் வரிசையாக மாற்றிச் சேமிக்கிறார்கள். புதிதாக வரும் குரலும் அப்படி எண்களாகி, பழையதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போடப்படும். ஒரு வரம்புக்கு மேலே என்றால் உள்ளே, கீழே என்றால் வெளியே.

அந்த வரம்பை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. உயர்த்தினால் திருடன் வெளியே நிற்பான், சொந்தக்காரரும் சில நேரம் வெளியே நிற்பார். தாழ்த்தினால் சொந்தக்காரர் சிரமமில்லாமல் நுழைவார், திருடனும் நுழைவான். இரண்டையும் ஒரேயடியாகக் குறைக்கும் வரம்பு எதுவும் இல்லை. மாதம் ஒரு லட்சம் பேர் அழைக்கும் மையத்தில் நூற்றுக்கு மூன்று சொந்தக்காரர்கள் தவறாக மறுக்கப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வகத்தில் மூன்று விழுக்காடு நல்ல முடிவாகத் தெரியும். அழைப்பு மையத்தில் அது மூவாயிரம் பேர்.

அந்த மூவாயிரம் பேர் மாதாமாதம் வேறு வேறு ஆட்களா, அல்லது அதே ஆட்களா? குரல் சரிபார்ப்பு ஆய்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையை. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 1996 முதல் பேசுபவரை அடையாளம் காணும் கருவிகளைச் சோதித்துவருகிறது. 1998-ல் ஜார்ஜ் டாடிங்டனும் உடன் ஆய்ந்தவர்களும் அந்தச் சோதனைத் தரவுகளை ஆள்வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். பிழைகள் எல்லோர் மீதும் சமமாக விழவில்லை. பெரும்பாலோரைக் கருவி சரியாகவே கண்டுகொண்டது. அவர்களுக்குச் செம்மறி என்று பெயர் வைத்தார்கள். சிலரைக் கருவி திரும்பத் திரும்பக் கண்டுகொள்ளத் தவறியது, அவர்கள் வெள்ளாடு. சிலர் குரலில் பிறர் எளிதாக நுழைய முடிந்தது, ஆட்டுக்குட்டி. பிறர் குரலில் எளிதாக நுழைபவர் ஓநாய். சராசரிப் பிழை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வெள்ளாடாகப் பிறந்தவருக்கு ஒவ்வோர் அழைப்பும் தொல்லைதான் என்பது இதன் பொருள். வங்கி வெளியிடும் சராசரிக்குள் அவர் மறைந்துபோகிறார். ஆகவே எந்த வங்கியிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை விழுக்காடு?" அல்ல. "யார் யார்?" என்பதே.

சத்தமும் தொண்டையும்

வடசென்னையில் வெள்ளாடுகள் அதிகமாக இருக்க எல்லாக் காரணமும் இருக்கிறது. முதலில் சத்தம். காசிமேட்டில் ஏலம் தொடங்குவது விடியலுக்கு வெகு முன்னால். கூடைக்கு விலை கூவும் குரல்கள், ஐஸ் அரைக்கும் இயந்திரம், படகு இன்ஜின், மீன் ஏற்ற வந்த வண்டிகளின் ஹாரன். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இன்ஜினை அணைக்காமலே வரிசையில் நிற்கும். பட்டறையிலும் ஆலையிலும் வேலை செய்பவருக்கு வங்கியை அழைக்கக் கிடைப்பது சாப்பாட்டு இடைவேளை. அழைப்பது ஆலைக் கதவுக்கு வெளியே, சாலையோரத்திலிருந்து. குரலைப் பதிவு செய்தது வீட்டுக்குள்ளோ கிளை அலுவலகத்திலோ என்றால், இரண்டு பதிவுகளும் ஒன்றோடொன்று ஒட்டாது.

அடுத்தது தொலைபேசித் தடம். பழைய வகைத் தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். மனிதக் குரலில் ஆளுக்கு ஆள் வேறுபடும் நுட்பங்கள் பல அதற்கு மேலேயும் இருக்கின்றன. அவை வழியிலேயே வெட்டுப்படுகின்றன. புதிய 4ஜி அழைப்பில் இன்னும் அகலமான ஒலி வரும். மகனின் ஸ்மார்ட்போனில் பதிவு செய்துவிட்டு, தன் பட்டன் போனில் அழைக்கும் அம்மாவின் குரல் கணினிக்கு வேறொருவருடையது போலத் தோன்றலாம். பேசும் நேரம் குறைந்தாலும், பதிவுக்கும் அழைப்புக்கும் மொழி மாறினாலும் மதிப்பெண் இறங்கும். ராயபுரத்தில் ஒரே வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்குவார்கள். வேறொரு தெருவில் உருது. எண்ணூர்ப் பக்கம் இந்தி பேசும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் நிறைய. கருவியைப் பழக்கிய குரல்களில் இவர்களுடையவை எவ்வளவு இருந்தன என்பதை வாங்கும் வங்கி கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது தொண்டை. தினமும் ஏலம் கூவுபவரின் குரல் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கடல் காற்று, புகை, வயது எல்லாமே குரலை மாற்றும். ஐந்து ஆண்டுக்கு முன் பதிந்த குரலை வைத்து எழுபது வயதுக்காரரை அளப்பது சரியாக வராது. 2023 டிசம்பரை இங்கே யாரும் மறக்கவில்லை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது; மீனவர்கள் கையாலேயே அதை அள்ளினார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சலும் தொண்டை எரிச்சலும் மூச்சுத்திணறலுமாகப் பலர் மருத்துவமனைக்கு ஓடினார்கள். குரல் கம்மிப்போன அந்த நாட்கள்தான் நிவாரணம் வந்ததா, கடன் தவணையைத் தள்ளிப் போடலாமா என்று வங்கியைக் கூப்பிட வேண்டியிருந்த நாட்களும். ஒரு பாதுகாப்பு முறை பயன்படுமா என்பதை நல்ல நாளில் சோதித்துச் சொல்லிவிட முடியாது. பேரிடர் வாரத்தில் அது யாரைக் கைவிடும் என்பதே சோதனை.

பேசவே முடியாதவர்களும் பேசத் தடுமாறுபவர்களும் வேறு. வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை செய்தவர்கள், குரல்வளையை இழந்தவர்கள், திக்குவாய் உள்ளவர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு நாக்கு புரளாதவர்கள். டிஜிட்டல் முறையில் வாடிக்கையாளரை அறியும் நடைமுறைகள் மாற்றுத் திறனாளிகளுக்கும் எட்ட வேண்டும், அது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமில வீச்சால் கண் சிமிட்ட முடியாமல் போனவர்கள் முகச் சரிபார்ப்பில் தடுக்கப்பட்டதிலிருந்து எழுந்த வழக்கு அது. குரலுக்கும் அந்தத் தீர்ப்பின் நியாயம் அப்படியே பொருந்தும்.

கணவர் கடலில் இருக்கும்போது

குடும்பங்கள் பணத்தைக் கையாளும் விதம் ஒன்றை வங்கிகள் யோசித்ததாகவே தெரியவில்லை. விசைப்படகில் தங்கல் போனவர் கரைக்கு வரப் பல நாளாகும். அதுவரை வீட்டுக் கணக்கு, சீட்டு, கடன், பள்ளிக் கட்டணம் எல்லாம் மனைவி பொறுப்பு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை; அதற்கான அரசு நிவாரணம் வங்கிக் கணக்கில் வரும். வந்ததா என்று விசாரிப்பது பெரும்பாலும் பெண்கள். கணவர் பேரில் உள்ள கணக்குக்கு மனைவி அழைத்து விவரம் கேட்பது விதிப்படி தவறு என்றாலும், நடைமுறையில் ரகசிய எண்ணைச் சொல்லிக் காரியம் முடிந்துவிடும். குரல் மட்டும்தான் சாவி என்றால் அந்த வழி அடைபடும். பாதுகாப்பின் நோக்கில் அது சரியே. ஆனால் அடைத்த வழிக்குப் பதில் வேறு வழியை முறைப்படி திறக்காவிட்டால், குடும்பம் குறுக்கு வழி தேடும்: தம்பியைப் பேச வைப்பார்கள், அல்லது வாட்ஸ்அப்பில் பதிந்த குரலைப் போனருகே வைத்து ஒலிக்க விடுவார்கள்.

இதற்கு முன்மாதிரி நம் ரேஷன் கடைகளிலேயே இருக்கிறது. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டில் விரல் ரேகை முறை வந்தபோது, கடைக்கு வர முடியாத முதியவரும் மாற்றுத் திறனாளியும் தங்கள் சார்பில் ஒருவரை அங்கீகரித்து அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். வங்கிகளும் தொலைபேசிச் சேவைக்கு அதைச் செய்யலாம். மனைவியின் குரலையும் துணைக் குரலாகப் பதிந்துகொண்டு, இருப்பு விவரம் சொல்லவும் அட்டையை முடக்கவும் மட்டும் அவருக்கு அனுமதி தரலாம். பணம் அனுப்ப அனுமதி வேண்டாம்.

திருடும் குரல்

இனி மறுபக்கம். 2017 மே மாதம் பிபிசி செய்தியாளர் டேன் சிம்மன்ஸ் தன் எச்எஸ்பிசி கணக்குக்குக் குரல் பதிவு செய்தார். உருவத்தில் அவரைப் போல இல்லாத அவருடைய இரட்டைச் சகோதரர் ஜோ, டேனின் குரலைப் போலவே பேசி அந்தக் கணக்கில் நுழைய முயன்றார். ஏழு முறை மறுத்த கருவி எட்டாவது முறை உள்ளே விட்டது. கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியவில்லை. ஆனால் இருப்பையும் வரவு செலவையும் பார்க்க முடிந்தது. எத்தனை முறை முயலலாம் என்ற எளிய கட்டுப்பாடுகூட அங்கே சரியாக இல்லை என்பது அன்று வெளிச்சத்துக்கு வந்தது.

அப்போது தேவைப்பட்டது ஓர் உடன்பிறப்பு. இப்போது தேவைப்படுவது ஒரு குரல் பதிவு. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் மூன்று நொடிக் குரலைக் கேட்டு அதே குரலில் பேசும் கருவியை வெளியுலகுக்குக் காட்டினார்கள். அடுத்த மாதமே செய்தியாளர் ஜோசப் காக்ஸ், செயற்கையாகச் செய்த தன் குரலையும் தன் பிறந்த தேதியையும் வைத்து லாய்ட்ஸ் வங்கியில் தன் கணக்கையே திறந்துகாட்டினார். மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் கார்டியன் நாளிதழின் செய்தியாளர், சில நிமிடப் பதிவிலிருந்து செய்த தன் குரலால் அரசின் சென்டர்லிங்க் உதவித்தொகைச் சேவையின் குரல் சரிபார்ப்பைத் தாண்டினார். 2025 ஜூலையில் அமெரிக்க மத்திய வங்கி நடத்திய கூட்டத்தில் ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன், இன்னமும் குரலை ஏற்கும் நிதி நிறுவனங்கள் இருப்பது தன்னை அச்சுறுத்துகிறது என்றார். செயற்கைக் குரலைப் பிடிக்கும் வழிகளைத் தேடி 2015 முதல் ஏஎஸ்விஸ்பூஃப் என்ற பெயரில் ஆய்வாளர்கள் போட்டிகள் நடத்துகிறார்கள். பிடிக்கும் கருவி ஒரு படி ஏறினால் ஏமாற்றும் கருவி இரண்டு படி ஏறுகிறது.

குரல் ரகசியம் என்று இந்த ஊரில் சொல்லவே முடியாது. கானா பாடுபவர்கள் தங்கள் குரலை யூடியூபில் போடுகிறார்கள். காசிமேட்டு மீன் விலையைப் படம் பிடிக்க ஞாயிறு தோறும் சேனல்காரர்கள் வருகிறார்கள். வியாபாரம் செய்யும் பெண்களின் குரல் தெளிவாகப் பதிகிறது. தட்டச்சு தெரியாதவர்கள் வாட்ஸ்அப்பில் குரலாகவே எல்லாம் பேசுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவரைவிட இவர்களுடைய குரல்தான் வெளியில் அதிகம் கிடைக்கிறது. ரகசிய எண் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். குரல் களவு போனால் வேறு குரலுக்கு எங்கே போவது?

இதைச் சந்தை உணர்ந்துவிட்டதாகவே தெரிகிறது. மைக்ரோசாஃப்ட் தன் அஷ்யூர் தளத்தின் பேசுபவரை அடையாளம் காணும் சேவையை 2025 செப்டம்பர் 30-உடன் நிறுத்துவதாக அறிவித்தது. அமேசானும் தன் அழைப்பு மையச் சேவையின் குரல் அடையாளத்துக்கு 2026 மே 20-ஐக் கடைசி நாளாக வைத்தது. கருவியைச் செய்து விற்றவர்களே கடையைக் கட்டும்போது, புதிதாக வாங்க நினைக்கும் வங்கி நின்று யோசிக்க வேண்டும்.

விதிகள் சொல்வது

இந்தியாவில் ரிசர்வ் வங்கி இந்த விஷயத்தில் ஆரம்பத்திலிருந்தே கண்டிப்பாக இருந்தது நமக்கு நல்லதாயிற்று. இணையத்தில் அட்டையைப் பயன்படுத்த 2009 ஆகஸ்ட் முதல் இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயமானது; 2011-ல் தொலைபேசிவழிப் பரிவர்த்தனைக்கும் அது வந்தது. பட்டன் போன்களுக்காக 2022 மார்ச் 8 அன்று தொடங்கிய யுபிஐ 123பே சேவையில் ஐவிஆர் எனப்படும் தானியங்கிக் குரல் அழைப்பு வழியே பணம் அனுப்பலாம். அங்கேயும் ஆளை உறுதி செய்வது எண்ணில் அழுத்தும் யுபிஐ பின்தான். 2025 செப்டம்பரில் வந்து 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று அறிவிக்கப்பட்ட புதிய வழிகாட்டு நெறிகள், ஓடிபிக்கு மாற்றாக உடல் அடையாளங்களுக்கும் இடம் தருகின்றன. ஆனால் இரண்டு காரணிகள் வேண்டும், அவற்றில் ஒன்றாவது அந்தப் பரிவர்த்தனைக்கென்றே உருவானதாக இருக்க வேண்டும் என்கின்றன. குரல் மட்டும் போதாது என்பதை இது உறுதி செய்கிறது. இருப்பு கேட்பது, முகவரி மாற்றுவது, கைபேசி எண் மாற்றுவது போன்ற, பணம் நகராத சேவைகளில்தான் ஓட்டை. கைபேசி எண்ணை மாற்ற முடிந்தவனுக்கு ஓடிபி தானாக வந்து சேரும்.

இழப்பு நேர்ந்தால் யார் பொறுப்பு? 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பே இல்லை என்றது; தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையது. ரகசிய எண்ணைப் பிறரிடம் சொன்னது கவனக்குறைவு என்று வங்கி வாதாடலாம். யூடியூபில் பாடியது கவனக்குறைவா? சந்தையில் மீன் விற்றது கவனக்குறைவா? குரலைச் சரிபார்ப்புக்கு எடுத்துக்கொண்ட வங்கி, குரல் போலியால் வரும் இழப்பு முழுவதையும் தானே ஏற்கும் என்று எழுதித் தர வேண்டும். எழுதித் தரத் தயங்கும் வங்கி அந்தக் கருவியை நம்பவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

பதிந்த குரலுக்கும் பாதுகாப்பு வேண்டும். 2011-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் குரல் வடிவங்களை உடல் அடையாளத் தகவலில் சேர்த்து, நுட்பமான தனிநபர் தகவலாக வகைப்படுத்தின. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தெளிவான சம்மதத்தைக் கேட்கிறது. பிரிட்டனின் வரித்துறை 2017 முதல் தன்னை அழைத்தவர்களின் குரலைச் சரியான சம்மதம் பெறாமல் பதிந்தது. 2019-ல் அங்குள்ள தகவல் ஆணையர் அலுவலகம் உத்தரவிட்டு, ஏறத்தாழ 50 லட்சம் பேரின் குரல் தடங்கள் அழிக்கப்பட்டன. "பயிற்சிக்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படலாம்" என்று ஓடவிடும் ஒரு வரி குரல் தடம் எடுக்கச் சம்மதம் ஆகாது.

வங்கியின் குரலை யார் சரிபார்ப்பது

இந்தப் பகுதி மக்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் திருடன் வங்கியை ஏமாற்றி அல்ல. வங்கி என்று சொல்லி இவர்களை ஏமாற்றி. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய் கணக்கில் வரத் தொடங்கியபோது ஓடிபி கேட்டு அழைப்புகள் வந்தன. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அரசு எச்சரிக்க வேண்டியதாயிற்று. வாடிக்கையாளரின் குரலை அளக்கக் கோடிகளைச் செலவிடும் வங்கிகள், தங்கள் குரலை வாடிக்கையாளர் எப்படி நம்புவது என்பதற்கு வெகு காலம் எதுவும் செய்யவில்லை. வங்கிகளின் சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்தே வர வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொன்னது நல்ல தொடக்கம். அதைத் தமிழில், ரேஷன் கடைச் சுவரிலும் மீன் ஏலக் கூடத்திலும் எழுதி வைக்க வேண்டும்.

வங்கிகளிடம் கேட்பது இவ்வளவுதான். குரலைப் பின்னணியில் ஒரு சான்றாக மட்டும் வையுங்கள். குரல் பொருந்தாதபோது கணக்கை முடக்காமல், தமிழ் தெரிந்த ஆளிடம் அழைப்பைத் தாருங்கள். கைபேசி எண் மாற்றத்துக்குக் குரலை ஏற்காதீர்கள். கருவியை வாங்கும் முன் காசிமேட்டு ஏலத்திலிருந்தும் எண்ணூர் லாரி வரிசையிலிருந்தும் சோதியுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள், பெண்கள், பட்டன் போன் வைத்திருப்பவர்கள் என்று தனித்தனியாக மறுப்புக் கணக்கை வெளியிடுங்கள்.

படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வங்கி உங்கள் குரலைப் பதிந்து வைத்திருக்கிறதா என்று கிளையில் எழுத்து மூலம் கேளுங்கள். வேண்டாம் என்றால் நீக்கச் சொல்லுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; எப்படி என்று கேட்க 14448. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் 1930-க்கு அன்றே, அந்த மணி நேரத்திலேயே அழையுங்கள்.